பீரோவுக்குள் போன ஒரிஜினல்

வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க நல்ல பள்ளிக்கூடம் தேடுகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் முதலில் சிரித்தார்கள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்கள். கெலமங்கலம் பக்கத்து ராகிக் கொல்லையில் வளர்ந்தவள் யாருக்குப் போய் இங்கிலீஷ் கற்றுத்தரப் போகிறாள் என்பதற்காகச் சிரிப்பு. கதவைச் சாத்தியது தாளாளருக்காக. அந்த மனுஷனுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு காது உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ஹைவேயை ஒட்டிய ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும் சுற்றுப்பட்டு விவசாயக்காரர்களின் பிள்ளைகளும் கலந்து படிக்கிற இடம். ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தால் வீட்டில் நான்கு பாஷை. தெலுங்கு, கன்னடம், தமிழ், போதாததற்கு இந்தி. நானும் அப்படித்தான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், படித்தது தமிழ், பிழைத்தது இங்கிலீஷ்.

நல்லபடியாகத்தான் பாடம் நடத்தினேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. எட்டாம் வகுப்பில் சேர்ந்து வாயே திறக்காத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் மேடையேற்றிப் பேச வைத்திருக்கிறேன். அதற்கு எங்கள் பள்ளி எனக்குக் கொடுத்த மரியாதை, ஒவ்வொரு மே மாதமும் ஒரு கட்டு நோட்டீஸ். கோடை விடுமுறையில் எங்களை வேனில் ஏற்றிப் போய் ஓசூர் சிப்காட் பக்கத்துக் குடியிருப்புகளில் இறக்கிவிடுவார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ‘உங்க கொழந்தைய எங்க ஸ்கூல்ல சேருங்க’ என்று கெஞ்ச வேண்டும். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு. பிடித்துக் கொடுக்காவிட்டால் ஜூன் மாத மீட்டிங்கில் பேரைச் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவன் நான் சேர்ந்த முதல் வருஷம் பத்தாம் வகுப்பில் இருந்த மாணவன். படித்து முடித்து ஒரு கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தான். வெயிலில் என் முகமெல்லாம் கருத்து, கையில் நோட்டீஸ். "மிஸ், உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றான். அவன் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "யாருங்க? மசாலாப் பொடி விக்கறவங்களா?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், இங்கிலீஷ்தான் தெரியுமே, எங்கேயாவது போய்ச் சொல்லிக்கொடுப்போம், இந்த நாய்ப்பிழைப்பு வேண்டாம் என்று.

என் வீட்டுக்காரர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரார் பேசியதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆள் அதிகம் பேச மாட்டார். "போகணும்னு நெனச்சா போத்தா. ஆனா நல்ல எடமாப் பாத்துப் போ" என்றார். அந்த நல்ல இடத்தைத் தேடித்தான் ஒரு வருஷம் போயிற்று.

அந்த ஒரு வருஷத்தில் நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. பாதி விளம்பரங்களில் முதல் வரியிலேயே, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று இருக்கும். சரி, அது வெளிப்படையாகச் சொல்லிவிட்ட வியாதி. சொல்லாத வியாதிதான் பெரியது. ஒருத்தன் வீடியோ காலில் வந்தான். என் முகம் திரையில் தெரிந்ததும் அவன் கேமரா அணைந்தது. நெட்வொர்க் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான். குரல் மட்டும் கணீரென்று வந்தது. இன்னொருத்தி என் குரலைக் கேட்டுவிட்டு, உங்கள் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். ஒன்பது வருஷமாக அதையே சொல்லிக்கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

பெங்களூரில் ஒரு ஏஜென்ட்டிடம் போனேன். பேக்கரிக்கு மேலே மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க விமானப் படம். என் விவரங்களைப் பார்த்துவிட்டு, "மேடம், மதர் டங்னு இருக்கற எடத்துல இங்கிலீஷ்னு போட்ருங்க. போட்டோவ நாங்க கொஞ்சம் பிரைட் பண்ணிக்கறோம்" என்றான்.

"எங்கம்மா தெலுங்கு பேசுவாங்க. அதுலயும் பாதி கன்னடம். கூட்டிட்டு வரேன், நீங்களே கேட்டுப் பாக்கறீங்களா?" என்றேன்.

"கோவப்படாதீங்க மேடம், எல்லாரும் செய்யறதுதான்" என்றான். எல்லாரும் செய்கிறதுதான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் இந்த நாட்டில் எல்லா அயோக்கியத்தனமும் நடக்கிறது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில் கிடைத்த பள்ளி வியட்நாமில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. நடத்துகிறவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாள். வீடியோவில் வந்தவருக்கு ஜலதோஷம், பேச்சுக்கு நடுவில் தும்மிக்கொண்டே இருந்தார். எந்த ஊர், என்ன நிறம், என்ன தாய்மொழி, ஒன்றும் கேட்கவில்லை. "என் பிள்ளைகள் பத்துப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது நிமிஷம் பாடம் நடத்துங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

பத்தும் பத்து வயதுக்குள். எல்லாம் திருதிருவென்று விழித்தன. எங்கள் வகுப்பில் நான் எப்போதும் செய்கிறதைத்தான் அங்கேயும் செய்தேன். இங்கிலீஷை ஆரம்பிக்காமல், அவர்கள் பாஷையில் சோற்றுக்கு என்ன, மழைக்கு என்ன என்று கேட்டு, அதை நான் திருப்பிச் சொன்னேன். கேவலமாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து கேமரா முன்னால் வாயைப் பிளந்து எனக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சரே தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்கிய பிறகு அவர்களுக்குத் தப்பாகப் பேசப் பயமில்லை. அதற்கப்புறம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, இங்கிலீஷ் தானாக வந்தது. பாடம் முடிந்ததும் அந்த அம்மாள் இன்னொரு தும்மல் போட்டுவிட்டு, வேலை உங்களுக்குத்தான் என்றார். டிசம்பரில் சேர வேண்டும். அதற்குள் என் பட்டச் சான்றிதழின் அசலை அனுப்பி, சென்னையிலும் டெல்லியிலும் அவர்கள் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் விசா கிடையாது.

உடனே தலையாட்டிவிடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரிப்பார்கள். நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, உரக்கடையில் நின்று, குடும்பம் எப்படி, குடி உண்டா, கடன் உண்டா என்று வாயைக் கிளறிவிட்டு வருவார்கள். வியட்நாம் டீக்கடைக்கு நான் எங்கே போவேன்? வழி போச்சம்பள்ளியில் இருந்தது. என் வீட்டுக்காரர் கம்பெனியில் நம் பெண்களுக்கு ஷூ தைக்கப் பயிற்சி கொடுக்க வியட்நாமிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்மணிக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் சித்தி மகள் அந்த ஊருக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாளாம். அவள் வண்டி எடுத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்து காபி குடித்து, எங்கள் ஊர் மாமன்மார் தோற்றுப்போகிற மாதிரி விசாரித்து வந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் வாசலிலேயே நின்று என் வீட்டுக்காரர் ஒப்பித்தார். "சம்பளம் தேதி தவறாதாம். வெளிநாட்டு டீச்சருக ரெண்டு பேரு வருஷக்கணக்கா இருக்காகளாம். அந்தப் பெரியம்மா மட்டும் சத்தம் போடுமாம், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ஆனா எங்க கம்பெனிக்கு வந்த அந்தம்மா விசாரிக்கச் சொன்னப்பவே மொதல்ல ஒண்ணு கேக்கச் சொல்லுச்சாம். டீச்சருக சர்ட்டிஃபிகேட்டுப் பேப்பரப் புடிச்சு வச்சுக்கிருவாகளான்னு. புடிச்சு வச்சுக்கிற எடம்னா, எம்புட்டுச் சம்பளம் குடுத்தாலும் அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாதாம். அங்க அப்படியெல்லாம் இல்லையாம்." செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தா, ஒன் பேப்பரு இப்ப எங்கிட்டு இருக்கு?"

என் பேப்பர் தாளாளர் அறையில், பச்சை பீரோவில் இருந்தது. ஒன்பது வருஷமாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் பார்த்த பல தனியார் பள்ளிகளில் வேலைக்குச் சேருகிற அன்றைக்கு ஒரிஜினலைக் கொடுத்துவிட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி, பி.எட்., எல்லாம். வருஷ நடுவில் டீச்சர் ஓடிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கல்லூரியை விட்டு வந்தவுடனே, வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஃபைலோடு நீட்டிவிடுவோம். எதற்கு என்று ஒருத்தியும் கேட்டதில்லை. மாடு வாங்கினால் மூக்கணாங்கயிறும் சேர்த்து வாங்குகிறதில்லையா, அதைப் போல. வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஷூ தைக்கிற அம்மாளை வைத்து விசாரித்தவள், தினமும் போய் வருகிற பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த நாள் முதல் பீரியட் முடிந்ததும் தாளாளர் அறைக்குப் போனேன். அவர் ஒரு காலத்தில் பெரிய நிலக்காரர். கம்பெனிகள் வந்தபோது கொல்லைகளை விற்று, மிச்சமிருந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர். முகத்தில் சந்தனமும் வாயில் வெற்றிலையுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், என் டிகிரி ஒரிஜினல் வேணும். வெளிநாட்டுல வேல கெடச்சிருக்கு. டிசம்பர்ல சேரணும்."

"அப்டியா? எந்த நாடு?"

சொன்னேன்.

"இன்னா மிஸ் இது, பொம்பள தனியா அவ்ளோ தூரம் போறதா? அங்க பாம்பு, தேளெல்லாம் துன்னுவாங்களாமே. நம்ம வூட்டுப் பொண்ணு மாரி நெனச்சி சொல்றன், வேணாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "நான் என்ன சாப்பிடணும்னு நான் பாத்துக்கறேன் சார். சர்ட்டிஃபிகேட்டக் குடுங்க" என்றேன்.

"குடுக்கலன்னு யாரு சொன்னா? உன்னுது உன்னுதுதான். பத்தரமா இருக்குது. ஏப்ரல்ல, வருஷக் கடைசில வந்து வாங்கிக்கினு போ."

"வருஷக் கடைசில வாங்கி நான் என்ன பண்றது? வேல போயிரும்."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "அவ்ளோ அவசரம்னா உன் எடத்துக்கு ஒரு ஆளக் கூட்டினு வா. அவங்க ஒரிஜினல் உள்ள வரட்டும். உன்னுது வெளிய போவட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "இது சட்டப்படி தப்பு சார். நான் போலீஸுக்குப் போவேன்" என்று கத்தினேன். வெளியே அட்டெண்டர் நடமாட்டம் நின்றது.

அவர் கோபப்படவே இல்லை. டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரிஜினல் வாங்கிய ரிஜிஸ்டர். கடைசி இரண்டு வருஷத்தில் சேர்ந்த பதினொரு டீச்சர்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில், என் கையெழுத்து.

"போ மிஸ். போயி சொல்லு. வாங்கனது யாருன்னு கேப்பாங்க, அதையும் சொல்லு" என்றார்.

ஆமாம். இரண்டு வருஷமாக நான்தான் அங்கே கோஆர்டினேட்டர். புதிதாகச் சேருகிற டீச்சருக்கு டைம்டேபிள் கொடுப்பது, யூனிஃபார்ம் புடவை கொடுப்பது, ஒரிஜினல் வாங்கி வைப்பது, எல்லாம் என் வேலை. அந்தப் பதவிக்காக ஸ்டாஃப் ரூமில் எனக்கு மட்டும் கை வைத்த நாற்காலி போட்டார்கள். பெருமையாக உட்கார்ந்தேன். யாராவது ஒரு பெண் ஃபைலை நீட்டத் தயங்கினால், "பயப்படாதம்மா, எல்லாரும் குடுக்கறதுதான்" என்று நானே சொல்லியிருக்கிறேன். பெங்களூர் மாடியில் அந்த ஏஜென்ட் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதே வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! த்தூ என்று என்மேலேயே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்காரர், "அவன் கெடக்கான், புகார் குடுத்துருவம். ஒங் கையெழுத்து இருந்தா என்ன, நீயே போய் ஒத்துக்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் புகார் கொடுத்தால் விசாரணை, அலைச்சல், மாதக்கணக்கு. பல்கலைக்கழகத்தில் நகல் பட்டம் வாங்கலாம் என்றால் அதற்கும் மாதக்கணக்கு. டிசம்பர் அதுவரைக்கும் காத்திருக்காது. நான் நியாயத்தைத் தேடவில்லை, என் சர்ட்டிஃபிகேட்டைத் தேடினேன். அதனால் ஆளைத் தேட ஆரம்பித்தேன்.

பி.எட். கல்லூரியில் என்னோடு படித்தவள் ஒரு பெண்ணை அனுப்பினாள். வேப்பனப்பள்ளிப் பெண். வீட்டில் மாந்தோப்பு, மூன்று வருஷமாக விளைந்தும் விலையில்லை. இருபத்து நான்கு வயது. இரண்டு பஸ் மாறி, தலை கலையாமல் வந்து சேர்ந்தாள். ஏழாம் வகுப்பில் டெமோ கொடுத்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கன்னடம் பேசுகிற பையனிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை, தெலுங்குக்காரியிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை, அங்கிருந்து அப்படியே கைப்பிடித்து இங்கிலீஷுக்குக் கூட்டிப் போனாள். என்னைவிட நன்றாகச் செய்தாள். பொறாமை வரவில்லை, பயம்தான் வந்தது.

தாளாளர் அறைக்குப் போகிற வராண்டாவில் அவளை நிறுத்தினேன். அங்கே நான் பேசியது என்ன என்பதை உள்ளபடி எழுதுகிறேன், எனக்குச் சாதகமாக மாற்றாமல்.

"இங்க பாரும்மா, ஒரிஜினல் கேப்பாங்க. ஜெராக்ஸ் குடு. ஒரிஜினல் காலேஜ்ல இருக்குன்னு சொல்லு."

"கையிலயே இருக்குதேக்கா" என்று ஃபைலைக் காட்டினாள். "குடுக்கலன்னா வேல குடுப்பாங்களா?"

நான் தாளாளர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்களும் குடுத்துட்டுதான சேந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம் இன்னாக்கா! நீங்க ஃபாரினுக்கே போறீங்க. ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தாள்.

உன்னுடையதை உள்ளே வைத்துத்தான் என்னுடையதை வெளியே எடுக்கப் போகிறேன், நீ திரும்பிப் போய்விடு என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பத்து வார்த்தை. ஒன்பது வருஷமாகப் பேசுவதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு அந்தப் பத்து வார்த்தை வரவில்லை. வராதது என்ன, வரவிடவில்லை. "எச்சரித்தேன் அல்லவா" என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எச்சரித்தேன்.

உள்ளே போனோம். அந்த மனுஷன் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார், வேலை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், நீயே வாங்கி வை. உன் டூட்டி தான" என்றார். வேண்டுமென்றே செய்தார். அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. அந்தப் பெண் ஃபைலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தாள். வாங்கினேன். ரிஜிஸ்டரில் பன்னிரண்டாவது பெயர் எழுதி, எதிரில் கையெழுத்துப் போட்டேன். பீரோவைத் திறந்து அவளுடையதை உள்ளே வைத்தேன், என்னுடையதை எடுத்துக்கொண்டேன். அவரிடம் நன்றி சார் என்றுகூடச் சொன்னேன். பழக்கதோஷம்!

பஸ்ஸில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மஞ்சளடித்திருந்தது. என் பெயர் அப்படியே இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கிருஷ்ணகிரி வரைக்கும் எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளிலும் மூன்று பாஷைகளில் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது திட்டுவதற்கு மிச்சம் ஒருத்திதான் இருந்தாள்.

முத்திரைகள் எல்லாம் வந்தன. டிசம்பரில் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் விமான நிலையத்தில், "தும்மலுக்கு அந்தம்மாக்குச் சுக்குக் காப்பி போட்டுக் குடு" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் விசாரித்தபடியே இருந்தது. அந்த அம்மாள் சத்தம் போட்டார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் ஆபீஸில் இருந்த பெண் என் ஒரிஜினலைக் கேட்டாள். கொடுத்தேன். ஜெராக்ஸ் மெஷினில் வைத்து எடுத்தாள், அசலோடு ஒத்துப் பார்த்தாள், அசலைத் திருப்பி நீட்டினாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. நான் கையை நீட்டாமல் நின்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. இது உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். இதற்கா ஒன்பது வருஷம், இவ்வளவு சுலபமான காரியத்துக்கா என்று சுவரைக் குத்தினேன். கை வீங்கி இரண்டு நாள் போர்டில் எழுத முடியவில்லை.

ஆறு மாதம் ஓடியது. பாடம் நன்றாகப் போனது. ஒரு நாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு டீச்சர் வேண்டும், உங்களைப் போலவே பாடம் நடத்துகிறவர் யாராவது உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஒரே ஒரு முகம்தான் வந்தது. அன்றைக்கே கூப்பிட வேண்டும் என்று போனை எடுத்தேன், வைத்தேன். மறுநாளும் எடுத்தேன், வைத்தேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளே கூப்பிட்டாள்.

குரல் கம்மியிருந்தது. வெயிலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாளாம். அட்மிஷன் போதவில்லை என்று மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்தார்களாம். "அழுதுட்டேங்க்கா. எல்லார் முன்னாடியும்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, எனக்கும் அங்க ஒரு நல்ல ஸ்கூலாப் பாத்துக் குடுங்கக்கா. எவ்ளோ தூரம்னாலும் வரேன். வூட்ல கூட சரின்னுட்டாங்க" என்றாள்.

"எங்க ஸ்கூல்லயே இருக்குது. உன்னத்தான் கேக்கறாங்கன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

"நெஜமாவா? நெஜமாவாக்கா?" கூவிவிட்டாள். பக்கத்தில் யாரிடமோ தெலுங்கில் சொன்னாள். அங்கே ஒரே சத்தம். நான் காத்திருந்தேன். திரும்ப போனுக்கு வந்து, "சொல்லுங்கக்கா, மொதல்ல இன்னா வேணும்? பாஸ்போர்ட்டா?" என்றாள்.

"பாஸ்போர்ட் அப்புறம். டிகிரி ஒரிஜினல் வேணும்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் எதையோ ஞாபகப்படுத்துகிற மாதிரிதான், மரியாதையாகச் சொன்னாள்.

"அத உங்க கையிலதானக்கா குடுத்தேன்."

"ஆமாம்மா, என் கையிலதான் குடுத்த" என்றேன்.